வற்றாப்பளையின் றாவும் ளையும்: ஒரு தடித்த, ஒடுங்கிய எழுத்துருவின் கதை

முள்ளியவளையில் இருந்து ஒரு கூத்துக் குழு போன வருடம் மாசி மாதம் கிளிநொச்சியில் என் மேசைக்கு வந்தது. எழுத்துரு கேட்டு வரவில்லை, நோட்டீஸ் கேட்டு வந்தார்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை ஒட்டிக் கோவலன் கூத்து ஆடப் போகிறோம், பழைய காலத்து நோட்டீஸ் மாதிரி ஒன்று செய்து தா தம்பி, அவ்வளவுதான். மாதிரிக்கென்று ஒரு பொலித்தீன் பையைப் பிரித்து, நான்காக மடித்த மஞ்சள் தாள் ஒன்றை வைத்தார்கள். காணி உறுதி, சாதகக் குறிப்பு, பிறப்பத்தாட்சி எல்லாவற்றோடும் ஒன்றாக அதையும் வைத்திருந்திருக்கிறார்கள். 2009 வரைக்கும் ஓடிய இடமெல்லாம் அந்தப் பையும் கூடப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது. அச்சகத்தின் பெயரும் அதோடு போய், ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் மட்டும் அடியில் மிச்சம்.

தலைப்பு மட்டும் அசையாமல் நின்றது. ‘கோவலன் கூத்து’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக ‘வற்றாப்பளை’. ஒவ்வொரு எழுத்தும் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரம், அகலம் அதில் பாதிகூட வராது, கதவு நிலை மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ப என்றால் இரண்டு தடித்த தூணும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சமும். மை சில இடத்தில் பிதுங்கி, சில இடத்தில் வெளிறி. இதைப் பார்த்து ஒரு நோட்டீஸ் செய்து கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

முதல் நாள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கோரல்ட்ரோ என்ற வரைகலை மென்பொருளில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி, தடிப்பாக்கி, பக்கத்தில் பிடித்து நெரித்து அகலத்தை 55 வீதத்துக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பக்கம் மரண அறிவித்தலில் இருந்து மாட்டுவண்டிச் சவாரி வரைக்கும் ஒடுங்கிய எழுத்து இப்படித்தான் பிறக்கிறது. நெரித்தால் நிமிர்ந்த கோடுகளின் தடிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும், படுத்த கோடுகள் இருந்தபடி இருக்கும். ட-வை எடுத்துப் பாருங்கள், அதற்கு ஒரு தூணும் ஒரு அடிக்கோடும்தான் சொத்து. தூண் ஈர்க்காகி அடிக்கோடு பலகையாகிவிடுகிறது. பழைய நோட்டீஸில் அப்படியே நேர்மாறு, தூண் பாரம் சுமக்க, படுத்த கோடு மெலிந்து வழி விடுகிறது. ஆக, இது நெரித்த எழுத்தே இல்லை, ஒடுங்கியபடியே பிறந்த எழுத்து.

ஒடுங்கிய தமிழ் எழுத்துருவே கிடையாது என்று சொல்ல வரவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழில் அகலம் குறைந்த வடிவங்கள் இருக்கின்றன, எக் டைப் குழுவின் அனேக் தமிழில் அகலத்தையும் தடிப்பையும் வேண்டியபடி இழுத்து மாற்றலாம், இரண்டும் இலவசம், இரண்டும் கவனமாக வரைந்தவை. ஆனால் இரண்டும் திரைக்குப் பிறந்த பிள்ளைகள். கோவலனை அவற்றில் போட்டால் வங்கி விளம்பரத்தில் நிற்பவன் மாதிரி இருந்தான்.

கப்பிட்டல் இல்லாத ஊரில்

ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெரிய வம்சமே உண்டு. பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் பாரம் ஒரு பக்கம், ஆறும்போது முகம் குழிந்து சமமில்லாமல் போவது இன்னொரு பக்கம். 1827இல் நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தை இயந்திரத்தில் குடைந்து எழுத்துகளை மொத்தமாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் சுவரொட்டி எழுத்து பெருத்தது. தாளின் அகலம் கூடாது, கத்த வேண்டிய சொல்லோ நீளம், ஆகவே எழுத்து ஒடுங்கி உயர்ந்தது. மொரிஸ் புல்லர் பென்டனின் ஆல்டர்னேட் கோதிக் 1903, எல்லோருடைய கணினியிலும் கிடக்கிற இம்பாக்ட்டை ஜெஃப்ரி லீ செய்தது 1965. இவையெல்லாம் எனக்குப் பாடம், ஆனால் அவர்களிடம் இருக்கும் ஒரு வசதி நம்மிடம் இல்லை. கப்பிட்டல் எழுத்தில் மட்டும் போட்டால் தலையும் அடியும் தட்டையாகி, வரி மேல் வரியைச் செங்கல் மாதிரி அடுக்கிவிடலாம். தமிழில் ‘கூத்து’ என்ற ஒரு சொல்லை எடுங்கள்: கூ பக்கவாட்டில் விரிகிறது, த் தலையில் புள்ளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, து கீழே வாலை இறக்குகிறது. மூன்று எழுத்து, மூன்று திசை. இதைப் போய்ச் செங்கலாக அடுக்கு என்றால்?

பழைய அச்சுக்காரர் இதற்கு இரண்டு தந்திரம் வைத்திருந்தார், ஸ்கான் செய்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. து-வின் வாலைக் கத்தியால் வெட்டினது மாதிரித் தட்டையாக நிறுத்தியிருக்கிறார். த்-இன் உடம்பை மற்ற எழுத்துகளைவிட ஒரு நூல் தணித்து, கிடைத்த பள்ளத்துக்குள் புள்ளியை இருத்தியிருக்கிறார். யார் இந்த எழுத்தை வெட்டினார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஒரு நூல் பள்ளத்துக்காகவே அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

மெய்யான தலையிடி ண. ர-வுக்கு இரண்டு தூண், ப-வுக்கு இரண்டு தூண். ண-வுக்கு மூன்று சுழி, அதற்குப் பிறகு ஒரு தூண். மூன்று சுழி ண என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியதன் அர்த்தம் எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் விளங்கியது. எழுத்தை வரையும் 1000 அலகுச் சட்டத்தில் ப-வின் தூணுக்கு 160 அலகு தடிப்பு வைத்தேன். அதே 160ஐ ண-வுக்குக் கொடுத்தால், ஒன்றில் எழுத்து பஸ் மாதிரி நீளும், இல்லையென்றால் சுழிகள் எல்லாம் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகும். அச்சிட்டு, சுவரில் ஒட்டி, முற்றத்தின் மற்றப் பக்கத்தில் போய் நின்று பார்த்து, திரும்ப வந்து குறைத்து, கடைசியில் ண-வுக்கு 108, ன-வுக்கு 122 என்று நின்றேன். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எல்லாம் ஒரே கறுப்பாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அளவுகோலுக்கு எப்படித் தெரிந்தால் என்ன. சுழி ஒன்று அடைபட்டால் கண்ணகி ‘கன்னகி’ ஆகிவிடுவாள், வற்றாப்பளையில் அந்த எழுத்துப் பிழையோடு நோட்டீஸ் ஒட்டிவிட்டு நான் வீடு வந்து சேர மாட்டேன்.

நோட்டீஸில் இருந்து எடுக்க முடிந்தது மொத்தம் 34 எழுத்து. மிச்சத்தை அந்தக் கை எப்படி வெட்டியிருக்கும் என்று ஊகித்துத்தான் வரைந்தேன். 247 என்று சொல்லி ஆட்களைப் பயமுறுத்துவார்கள், அவ்வளவு வரையத் தேவையில்லை. கை, கொ, கோ எல்லாம் கொம்பும் காலும் சேர்ந்து துண்டுகளாகக் கூடி வருபவை. நேரத்தைத் தின்றவை உகரமும் ஊகாரமும்: 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36. கு ஒரு பக்கம் வளையும், சு ஒரு பக்கம், மூ தன் பாட்டுக்குச் சுழலும், ஒன்றை வெட்டி இன்னொன்றில் ஒட்ட முடியாது. சித்திரை முழுக்க அதிலேயே போனது.

அம்மாள் வந்த முகம்

எழுத்தின் எலும்பு சரியானதும், பழைய அச்சுத் தோற்றம் வேண்டுமே என்று இணையத்தில் கிடைத்த ஒரு கீறல் படத்தை எல்லா எழுத்து மேலும் போட்டு வெட்டினேன். எனக்கு அழகாகத்தான் பட்டது. அதை எடுத்துக்கொண்டு வவுனியாவில் ஓர் ஐயாவிடம் போனேன், யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் அச்சுக் கோர்த்தவர், இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை, 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் வைத்த அச்சுக்கூடம் என்று தொடங்கும் ஒரு வரிசையின் கடைசிக் கைகளில் ஒன்று அது; விரல் நுனி இன்னும் தட்டையாக இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இதென்ன தம்பி, அம்மாள் வந்த முகம் மாதிரி?”

அம்மைத் தழும்புதான் அவர் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் எனக்குப் பாடம் நடந்தது. எழுத்து தேய்வது விளிம்பில், அதிலும் மூலை முதலில் மழுங்கும். நடுவில் வெள்ளை விழுந்தால் அது தேய்வு இல்லை, பலகை கோணியிருக்கும், இல்லாவிட்டால் மை காணாது. மை கூடினால் அழுத்தத்தில் ஓரத்துக்குப் பிதுங்கி ஒரு கறுத்த கரை கட்டும், அந்தக் கரைக்கு உள்பக்கம் மெல்லிசாக வெளிறும். தேய்ந்து தணிந்த எழுத்துக்கு அடியில் சிகரெட் பெட்டி மட்டையைக் கிழித்து வைத்து உயர்த்துவார்களாம், அது கொஞ்சம் கூடிவிட்டால் அந்த ஒரு எழுத்து மட்டும் வரியில் எழும்பிக் கறுப்பாக அடிக்கும். என் நோட்டீஸில் ‘வ’ ஏன் மற்றவற்றைவிடக் கறுப்பு என்று நான் கேட்கவில்லை, அவரே விரலை வைத்துக் காட்டினார்.

“எல்லா எழுத்தும் ஒரே மாதிரித் தேயுமே? க, த, ம, ன எல்லாம் கேஸுக்குள்ள கிடக்கவே நேரமில்லை, ஓயாமல் எழும்பும். ஞ எப்பவாவதுதான். அது புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.”

இந்த ஒரு வசனம் என் ஒரு மாத வேலையை அழித்தது, நல்லதுக்குத்தான். வீட்டுக்கு வந்து நான்கு வருடமாக நான் செய்த கோயில், கூத்து, விளையாட்டுக்கழக நோட்டீஸ்களை எல்லாம் ஒன்றாக்கி எழுத்துகளை எண்ண வைத்தேன். அதிகம் வருவதற்கு அதிகத் தேய்வு, எப்போதாவது வருவதற்குக் கூர் விளிம்பு. ஞ, ங, ஔ மூன்றும் பளிச்சென்று நிற்கின்றன, க-வின் மூலைகள் கரும்பலகைச் சோக் மாதிரி மழுங்கிக் கிடக்கின்றன. சொல்லாவிட்டால் யாருக்கும் இது தெரியாது, ஆனால் கீறல் படம் போட்ட பழைய வடிவத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து யாரிடம் காட்டினாலும் இதைத்தான் ‘உண்மையான நோட்டீஸ்’ என்கிறார்கள்.

இன்னொரு பொய்யும் பிடிபட்டது, அதைப் பிடித்தது என் மகள். ‘அம்மம்மா’ என்று தட்டிப் பார்த்தாள். ம நான்கு தரம் வருகிறது, நான்கிலும் வலது காலில் ஒரே இடத்தில் ஒரே பொத்தல். அச்சகத்தில் நான்கு ம என்றால் நான்கு தனி எழுத்து, நான்கும் தனித்தனியாகத் தேய்ந்தவை. ஆகவே அதிகம் வரும் எழுத்துகளுக்கு மூன்று மூன்று தேய்வு வடிவம் வரைந்து, ஒன்று வந்தால் அடுத்த தரம் மற்றது வரும்படி எழுத்துருக் கோப்பு முறையான ஓப்பன்டைப்பின் சூழல் மாற்று விதியை எழுதினேன். இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல்: ம், ம, மா மூன்றும் கண்ணுக்கு ஒரே ம-தான், எழுத்துருவுக்குள் ம் ஒரு தனி வடிவம், மா-வில் பின்னால் ஒரு கால் ஒட்டியிருக்கிறது, கொ-வில் முன்னாலும் பின்னாலும் ஆட்கள். விதி அந்தக் காலையும் கொம்பையும் தாண்டிக்கொண்டு போய் முந்தைய ம எது என்று பார்க்க வேண்டும். நான் முதலில் எழுதியது அடுத்தடுத்து வருவதை மட்டும் பார்த்தது, ‘மாமா’வில் தோற்றது.

பெரியவர்களும் இளையவர்களும் மோதிக்கொண்டது றா-வில். பழைய நோட்டீஸில் ‘வற்றாப்பளை’யின் றா கால் போட்ட றா இல்லை, ற-வின் வாலே சுழன்று மடிந்த பழைய றா. ளை-க்கு முன்னால் யானைத் துதிக்கை. ‘அண்ணாவியார்’ என்ற சொல்லில் ணா-வும் அப்படியே. ஊர்ப் பெயரிலேயே இரண்டு பழைய எழுத்து, வேறு எந்த ஊருக்குக் கிடைக்கும்? பெரியார் 1935இல் குடி அரசில் புழங்கத் தொடங்கிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையாக்கியது, ணா, றா, னா, ணை, லை, ளை, னை, பிறகு ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்று 13 எழுத்து அதோடு மாறின, காலப்போக்கில் இங்கேயும் அதுவே வழக்கமாகிவிட்டது. குழுவின் மூத்தவர்களுக்குப் பழைய றா இல்லாமல் பழைய நோட்டீஸ் இல்லை. அப்படிப் போட்டால் பிள்ளைகள் வாசிக்காதுகள் என்று இளையவர்கள். இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது, எனக்குச் சத்தம் தாங்கவில்லை. இப்போதைய வடிவமே தானாக வரும், வேண்டுமென்றால் ஒரு சொடுக்கில் 13உம் பழையதாக மாறும் என்று வைத்துவிட்டேன். உள்ளே யூனிகோட் எண் ஒன்றுதான், தேடினால் அகப்படும், முகம் மட்டும்தான் மாறுகிறது. நோட்டீஸில் தலைப்பு பழையது, கீழே விபரமெல்லாம் புதியது. வாசிக்காதுகள் என்ற பிள்ளைகள் அந்த றா-வைக் கொப்பி மட்டையில் வரைந்துகொண்டு திரிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கோவலனின் கொம்பு

நோட்டீஸ் நல்லபடி வந்தது, ஏனென்றால் அதை நானே பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். பனரில்தான் வினை. 8 அடிக்கு 4 அடி, ஒரு அச்சகத்துக்கு வடிவமைப்புக் கோப்பையும் எழுத்துருவையும் அனுப்பிவிட்டு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அவர்களுடைய மென்பொருள் பழைய பதிப்பு, யூனிகோட் தமிழைக் கூட்டிச் சேர்க்கத் தெரியாதது. கோ என்பதில் கொம்பு க-வுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், அதை இடம் மாற்றி நிறுத்துவது எழுத்துரு மட்டும் இல்லை, மென்பொருளும் சேர்ந்துதான். அங்கே அது நடக்கவில்லை. க முதலில் நிற்க, இரட்டைக்கொம்பும் காலும் பின்னால் இழுபட்டுக்கொண்டு வர, அப்படியே எட்டு அடிக்கு அடித்துவிட்டார்கள். மதுரையில் தலை போன கோவலனுக்கு முள்ளியவளையில் கொம்பும் போய்விட்டது.

அடித்த பையனைக் கேட்டேன், பார்க்கவில்லையா என்று.

“பாத்தனான் அண்ணை. பழைய எழுத்தெல்லே, அப்பிடித்தான் இருக்குமாக்கும் எண்டு நினைச்சன்.”

கோபம் வரவில்லை. இரண்டு மாதமாக ‘பழைய எழுத்து, பழைய எழுத்து’ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது நான்தான், எழுத்துருவே தேவைப்படாதபடி எழுத்தைக் கோடாக மாற்றி அனுப்பாததும் நான்தான். அதே பனரில் இன்னொன்றும் தெரிந்தது, தாளில் அவ்வளவு அழகாக இருந்த மைப் பொத்தல்கள் எட்டு அடியில் காகம் எச்சமிட்ட மாதிரி இருந்தன. இப்போது மூன்று தரம் வைத்திருக்கிறேன்: தேய்வே இல்லாதது பனருக்கு, நடுத்தரம் சுவரொட்டிக்கு, முழுத் தேய்வு கையில் பிடித்து வாசிக்கிற நோட்டீஸுக்கு. முழுத் தேய்வு வடிவத்தில் எழுத்தின் வெளிக்கோட்டை வரையும் கோணல் புள்ளிகளைப் பாதிக்கு மேல் கழித்தும் விட்டேன், முதல் பதிப்பைப் போட்டதும் அந்த அச்சகத்துக் கணினி தேநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது போல் நின்றுவிட்டது.

பனரைத் திருப்பி அடிக்கும்போதுதான் பெரிய விஷயம் உறைத்தது. இந்தப் பக்கம் நான் வேலை செய்கிற அச்சகங்களில் எல்லாக் கையும் பாமினிக் கை. பாமினி தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார வைத்தது. ‘தமிழ்’ என்று தட்ட ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. மென்பொருளுக்கு அது ஆங்கிலம்தான், அதனால் எந்தப் பழைய பதிப்பிலும் கொம்பு இடம் மாறாது. குறைகள் இல்லாமல் இல்லை. ரி, ர் தட்டும்போது பலர் ர-வுக்குப் பதில் காலைத்தான் போடுகிறார்கள். ஈய எழுத்துக் காலத்திலேயே ர-வும் காலும் ஒன்றுக்கொன்று மாறிப் புழங்கியவை, வவுனியா ஐயாவுக்கு அது பிழையாகவே தோன்றவில்லை. ஆனால் ‘ஆசிரியர்’ என்று பாமினியில் வந்ததை மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கினால் ர இருக்க வேண்டிய இடத்தில் கால் இருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது, சில இடத்தில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். குழு அனுப்பிய விபரத்தில் மட்டும் ஆறு ஆசிரியர்கள், ஆறு பேரையும் கையால் திருத்தினேன்.

அந்தப் பையனை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு கிழமை முயன்றேன். ஒரு நாளைக்கு இருபது அஞ்சலி நோட்டீஸ் தட்டுகிறவன், அவன் விரலை நிறுத்திவிட்டு என் கொள்கையைப் படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே பாலைக்கு (எழுத்துருவுக்கு வைத்த பெயர், மரத்தையும் பழத்தையும் நினைத்துத்தான்) ஒரு பாமினிப் பதிப்பும் செய்தேன். அதில் சூழல் மாற்று கிடையாது, அம்மம்மாவின் நான்கு ம-வும் ஒரே முகம். 13 பழைய எழுத்தையும் யாரும் தொடாத குறியீட்டு இடங்களில் ஒளித்து வைத்தேன், அவற்றுக்கு எண் தட்ட வேண்டும். எழுத்துரு ஆட்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள், அடிக்கட்டும்.

குழு எனக்குக் காசும் தந்து ஒரு மூட்டை மொட்டைக்கறுப்பன் அரிசியும் இறக்கிவிட்டுப் போனது. ஐயாவுக்கு இரண்டு நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன், மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ‘வ’ இன்னும் கொஞ்சம் கறுக்கலாம் என்றார்.

போன மாதம் அதே அச்சகத்துக்குப் போனபோது திரையின் ஓரத்தில் செலோரேப் போட்டு ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது, பையனின் கையெழுத்தில் 13 எண்ணும் பக்கத்தில் 13 பழைய எழுத்தும். றா-வைச் சுற்றி மட்டும் சிவப்புப் பேனையால் வட்டம். ஏன் என்று கேட்க, அடித்துக் காயப் போட்டிருந்த ஒரு பனரைக் காட்டினான், முல்லைத்தீவில் ஒரு மீன் கடைக்காம். தடித்து, ஒடுங்கி, வால் சுழன்ற அந்தப் பழைய றா-வோடு: ‘நந்திக்கடல் றால்’.